சென்னை–சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்? விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

தஞ்சாவூரில் இருக்கும் என் பெரியப்பா முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். போகிற விமானம் சென்னையில் 23:15-க்குக் கிளம்பி மறுநாள் 06:05-க்குப் போய்ச் சேருகிறது. திரும்புகிற விமானம் அங்கே 20:15-க்குக் கிளம்பி இங்கே 21:55-க்கு இறங்குகிறது.

"போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ஒன்றே முக்கால் மணி நேரமா? வரும்போது மட்டும் என்னப்பா, இறக்கமா?"

அன்றைக்கு ஒரு தாளை எடுத்து அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்தக் கட்டுரை. முதல்முறை விமானம் ஏறுபவர்களுக்கும், அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் உதவும். பேனாவும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

முதல் வேலை: எந்த ஊர் என்று இல்லை, எந்த ஏர்போர்ட் என்று பாருங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று எழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்ஏஏ, ஊர் பெயர் மாறியும் பழைய மெட்ராஸ் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன், திருச்சிக்கு டிஆர்இசட். டிக்கெட் தேடும்போது ஊர்ப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது. டோக்கியோவில் ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது. நரிட்டாவோ அறுபது கிலோமீட்டர் தள்ளி. குறியீட்டைக் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

தூரம்: பள்ளிக்கூடக் கணக்கே போதும்

இணையத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் தூரம் சொல்லும் தளங்கள் நிறைய. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓரிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினாலும் தூரம் அளக்கும் வசதி வரும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பிறகு யாராவது தப்பாகச் சொன்னால் உடனே பிடிபடும்.

ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். விமானிகள் கணக்கிடும் நாட்டிகல் மைல் என்பது 1.852 கி.மீ; ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் அது. அறுபதால் பெருக்கினால் இந்த 111 வந்துவிடும்.

மீனம்பாக்கம் 12.99 டிகிரி வடக்கு, 80.17 டிகிரி கிழக்கு. சாங்கி 1.35 டிகிரி வடக்கு, 103.99 டிகிரி கிழக்கு.

வடக்கு தெற்கு வித்தியாசம் 11.64 டிகிரி. 111-ஆல் பெருக்கினால் 1,292 கி.மீ.

கிழக்கு மேற்கு வித்தியாசம் 23.82 டிகிரி. இதையும் 111-ஆல் பெருக்கலாம். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே போகும், அதனால் கொஞ்சம் குறைக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவான அட்சரேகை 7.17 டிகிரி. அதன் கொசைன் 0.992. பெருக்கினால் 2,623 கி.மீ.

இனி செங்கோண முக்கோணம். 1,292-இன் வர்க்கம் சுமார் 16.7 லட்சம், 2,623-இன் வர்க்கம் 68.8 லட்சம். கூட்டினால் 85.5 லட்சம். வர்க்கமூலம் எடுத்தால் 2,924. ஆக, சென்னை–சிங்கப்பூர் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதைச் சேர்த்துக்கொண்டு போடும் பெரிய கணக்கும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

ஆனால் இந்தச் சுருக்கு வழி எல்லா ஊருக்கும் செல்லாது. இதே முறையில் சென்னை–லண்டன் ஹீத்ரோ போட்டால் கிட்டத்தட்ட 8,690 கி.மீ என்று காட்டும். உண்மையில் 8,230-தான். 460 கி.மீ பிழை! தட்டையான காகிதத்தில் போடும் நேர்கோடு உருண்டையின் மேல் நேர்கோடு இல்லை. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவில் இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறுக்குவழி. பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோவுக்கு இடையே இப்படி இழுத்தால் நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூருவுக்கு ஓட்டி வந்தது செய்தியானது நினைவிருக்கும். சுமார் 14,000 கி.மீ. சுவரில் மாட்டிய உலகப்படத்தைப் பார்த்து அந்த வழியை யாரும் ஊகிக்க மாட்டார்கள். எனவே மூவாயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் கையால் போடுங்கள். அதற்கு மேல் என்றால் தளத்தையோ நூலையோ நம்புங்கள்.

தூரத்தை நேரமாக்குவது: 850-ஆல் வகுத்து 45-ஐக் கூட்டுங்கள்

ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 830, 840 கி.மீ வேகத்தில் போகும். போயிங் 787 போன்ற பெரியவை 900-ஐத் தொடும். நான் 850 என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் விமானம் வாசலில் நின்று கதவைச் சாத்தியதுமே 850-இல் ஓடுவதில்லை. பின்னால் தள்ள வேண்டும், ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசையில் நிற்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழும்பி, அப்புறம்தான் திரும்பிக் கடலைப் பார்க்கும். இந்தத் தாமதத்துக்கெல்லாம் சேர்த்து 45 நிமிடம்.

2,924-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். 45-ஐக் கூட்டினால் 4 மணி 11 நிமிடம். பெரியப்பாவின் டிக்கெட்டில் போக 4 மணி 20 நிமிடம், வர 4 மணி 10 நிமிடம். பரவாயில்லையே!

வேறு ஊர்களிலும் சோதித்துப் பார்க்கலாம். சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ: கணக்குப்படி 2 மணி 49 நிமிடம். சென்னை–கொழும்பு சுமார் 650 கி.மீ: ஒன்றரை மணி நேரம். சென்னை–மதுரை சுமார் 420 கி.மீ: ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து பத்து நிமிடம்தான் முன்னே பின்னே இருக்கும். மதுரைக்குப் பறப்பதில் பாதிக்கு மேல் அந்த 45 நிமிடம்தான் என்பதைக் கவனித்தீர்களா? தூரம் குறையக் குறைய விமானத்தின் வேகத்துக்கு மதிப்பும் குறைகிறது.

ஒரே எச்சரிக்கை: விசிறி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் 850-க்குப் பதில் 500 போடுங்கள்.

காற்றும் மூடிய வானமும்

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பதற்கு ஒரு காரணம் காற்று. வடக்கே, இமயமலை, ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கமெல்லாம், விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அதோடு போனால் லாபம், எதிர்த்துப் போனால் நஷ்டம். சென்னையிலிருந்து லண்டன் போக ஏறத்தாழ 11 மணி நேரம், திரும்பி வர 10. இதன் உச்சம் 2020 பிப்ரவரியில் நடந்தது. அட்லாண்டிக்கில் புயல் வீசிய இரவில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது.

நம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேலே தென்னிந்தியாவின் தலைக்கு மேல் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு காற்று ஓடும். 1950-களின் கடைசியில் இதை ஆராய்ந்து எழுதியவர் பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எதிர்காற்று, வருகிறவர்களுக்குப் பின்காற்று. நான்கு மணி நேரப் பயணத்தில் இதெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடக் கதை. பெரியப்பா கேட்ட ஐந்து மணி நேர வித்தியாசத்துக்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

காற்றைவிடப் பெரிய ஆள் அரசியல். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைபட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் சுற்றிக்கொண்டு சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஏர்போர்ட்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தூரக் கணக்குத் தளம் இன்றும் பழைய எண்ணைத்தான் காட்டும். அதனால் ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் கணக்கை நம்பி உட்காராமல், அந்த விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24 போன்ற ஒரு தளத்தில் போட்டு, கடந்த சில நாட்களில் அது உண்மையில் எந்த வழியாக, எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். அதைவிட நல்ல சான்று கிடையாது.

சிங்கப்பூர் வழியில் இந்தத் தொல்லை இல்லை. வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, கிரேட் நிக்கோபார் பக்கமாகப் போய், சுமத்ராவின் வடகிழக்குக் கரையையும் மலாக்கா நீரிணையையும் ஒட்டி இறங்க வேண்டியதுதான். பகல் விமானம் என்றால் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

கடிகாரம்: எல்லோரும் சறுக்கும் இடம்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேராகக் கழிக்கக் கூடாது. பெரியப்பா செய்தது அதைத்தான்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எனவே காலை 06:05 என்றால் நம் கடிகாரத்தில் 03:35. இரவு 23:15-இலிருந்து 03:35 வரை எண்ணுங்கள்: 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது அங்கே 20:15 என்றால் இங்கே மாலை 17:45. அதிலிருந்து 21:55 வரை 4 மணி 10 நிமிடம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எந்த ஊராக இருந்தாலும் வழி இதுதான்: இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியன் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க நான்கு நிமிடம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 23.82 டிகிரி என்றால், இயற்கையான வித்தியாசம் 95 நிமிடம்தான். ஆனால் கடிகாரம் 150 நிமிடம் என்கிறது. 1981 வரை சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் இன்னும் அரை மணி முன்னே தள்ளிக்கொண்டார்கள். அதன் விளைவை இறங்கியதும் பார்ப்பீர்கள்: அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். ஆறேகாலுக்குக் கும்மிருட்டாக இருக்கிறதே, கைக்கடிகாரத்தைத் தப்பாக மாற்றிவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

லண்டனுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மாதத்தையும் பார்க்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாம் நான்கரை மணி நேரம் முன்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை. இலங்கைக்கு நம் நேரமேதான், கழிக்கக் கூட்ட ஒன்றும் இல்லை.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைவிட ஆபத்தானது நள்ளிரவு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்று இருந்தால், நீங்கள் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். என் சித்தி மகன் 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றான். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. புது டிக்கெட்டுக்கு அவன் கொடுத்த பணத்தை இன்னும் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறான். நள்ளிரவு தாண்டிய டிக்கெட் எடுத்தால் காலண்டரில் முந்தைய நாளை வட்டம் போட்டு வையுங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் இல்லை

விமானம் ஏறிய பிறகு விமானி "மூன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடுவோம்" என்பார். டிக்கெட்டில் 4 மணி 20 நிமிடம். யார் சொல்வது பொய்? இரண்டும் உண்மை. விமானி சொல்வது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடுவது வரை. டிக்கெட்டில் உள்ளது இந்த வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்த வாசலில் போய் நிற்பது வரை. பிளாக் டைம் என்பார்கள். நிறுவனங்கள் அதிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டு வைப்பதுண்டு. அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். வரவேற்க வருகிறவர்களுக்கு டிக்கெட்டில் உள்ள நேரத்தையே சொல்லுங்கள்.

இடையில் ஓர் ஊர் வந்தால்

சென்னை–சிங்கப்பூர் நேர்கோட்டை வரைபடத்தில் பார்த்தால் கோலாலம்பூர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சென்னை–கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ, அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கி.மீ. கூட்டினால் நேர்விமானத்தின் தூரமேதான். அப்படியானால் நேரமும் அவ்வளவுதானே?

இல்லை. முதல் பயணம் 3 மணி 50 நிமிடம், இரண்டாவது 1 மணி 5 நிமிடம். அந்த 45 நிமிடத்தை இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கிறது. நடுவில் இரண்டரை மணி நேரம் காத்திருப்பு என்று வைத்தாலும் மொத்தம் ஏழரை மணி நேரம். கொழும்பு வழியாகப் போனால் தூரமே 470 கி.மீ கூடும், நேரம் அதைவிட மோசம். டிக்கெட் விலை குறைவாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்களை அனுப்பும்போது ஐயாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இப்படி எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இன்னும் சிக்கல். இடையில் குடிநுழைவு (இமிக்ரேஷன்) தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அந்த நாட்டு விசா விதியும் பொருந்தும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது. கோலாலம்பூரில் இரண்டு முனையங்களுக்கு நடுவே ரயில் ஏறிப் போக வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்தப் பொறுப்பில் பெரும்பகுதி நிறுவனத்தின் தலையில். அப்புறம், "டைரக்ட்" என்று விற்கும் டிக்கெட்டில் இடையில் ஓரிடத்தில் நிற்கும் விமானமும் வரும். எத்தனை நிறுத்தம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசியாக, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

பெரியப்பாவுக்குத் தாளில் கடைசியாக எழுதிக் காட்டியது இது. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட்டில் இருப்பது நல்லது; செக்-இன் கவுன்ட்டரை பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 23:15 விமானத்துக்கு 20:15. தஞ்சாவூரிலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ, பஸ், தாம்பரம் நெரிசல், ஒரு டீ எல்லாம் சேர்த்து மதியம் 12 மணிக்காவது வீட்டைப் பூட்ட வேண்டும். அங்கே 06:05-க்கு விமானம் வாசலில் நிற்கும். குடிநுழைவு, பெட்டி முடித்து வெளியே வர ஏழு மணி. மகள் வீடு ஜூரோங்கில், தீவின் அடுத்த முனை. டாக்ஸியில் போய்ச் சேர 07:45. நம் நேரம் 05:15. மொத்தம் 17 மணி 15 நிமிடம்.

"இதுல வானத்துல இருக்கறது எவ்வளவு நேரம்?" என்றார்.

மூன்றே முக்கால் மணி நேரம் என்றேன்.

அவர் சென்னை டிக்கெட் எடுத்ததற்குக் காரணம், சென்னைதான் கடலோரம், சிங்கப்பூருக்குப் பக்கம் என்ற நினைப்பு. திருச்சி–சிங்கப்பூரையும் அதே முக்கோணத்தில் போட்டுக் காட்டினேன்: சுமார் 2,980 கி.மீ. சென்னையைவிட 55 கி.மீ அதிகம், விமானத்துக்கு நான்கு நிமிடம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டோ அறுபது கிலோமீட்டருக்குள். அதே நேரத்துக்கு அங்கிருந்து விமானம் இருந்தால் மாலை ஆறரைக்குக் கிளம்பினால் போதும். பதினேழேகால் மணி நேரம் பதினொன்றுக்குள் அடங்கிவிடும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் டிக்கெட் எடுக்கப் போனபோது அவரே போன் செய்து, திருச்சியிலிருந்து எந்தெந்தக் கிழமை விமானம் இருக்கிறது, நடுவில் நிற்காமல் போகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.